செம்பனை எண்ணெயில் உள்ள டோகோட்ரைனால் மூளையைப் பாதுகாக்குமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கூலாய் தாண்டி செடெனாக் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு பக்கம் டேட்டா சென்டர்கள் எழும்புகின்றன. இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள். அந்தச் செம்பனைப் பழத்தில் இருந்து பிரித்தெடுக்கும் ஒரு பொருள்தான் 'மூளைக்கு நல்லது' என்று மாத்திரையாக விற்கப்படுகிறது. அதன் பெயர் டோகோட்ரைனால்.

பாட்டிக்கு மறதி, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் என்றால் இதை வாங்கிக் கொடுக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். கொஞ்சம் பொறுங்க. முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம்.

டோகோட்ரைனால் என்றால் என்ன?

வைட்டமின் ஈ என்பது ஒரே பொருள் அல்ல. நான்கு டோகோஃபெரால், நான்கு டோகோட்ரைனால் என எட்டு வகைகள் கொண்ட குடும்பம் அது. சாதாரண வைட்டமின் ஈ மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பது ஆல்ஃபா டோகோஃபெரால்.

டோகோட்ரைனால் செம்பனை எண்ணெயில் அதிகம். அரிசித் தவிட்டிலும் பார்லியிலும் உண்டு. 1960களில் ரப்பர் பாலிலும் இதைக் கண்டறிந்தார்கள். ஆமாம், ஜொகூர் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிமார் விடியற்காலையில் வெட்டிய அதே பால்தான்!

மூளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மூளை உங்கள் உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வில் இருக்கும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை அது எடுத்துக்கொள்கிறது. மூளையில் கொழுப்பும் அதிகம். திறந்து வைத்த எண்ணெய் நாள்பட்டால் காறல் அடிக்கிறது இல்லையா? கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதுதான் காரணம். செல்களின் சவ்வில் உள்ள கொழுப்புக்கும் இதே ஆபத்து உண்டு. அதைத் தடுப்பதுதான் ஆன்டிஆக்சிடன்டின் வேலை.

அமெரிக்காவில் சந்தன் சென் குழுவினர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த அளவு ஆல்ஃபா டோகோட்ரைனாலே நரம்பு செல்கள் அழிவதைத் தடுத்தது. ஆனால் அது ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் நடந்த சோதனை.

மனிதர்களிடம் சோதித்தார்களா?

சோதித்தார்கள், அதுவும் மலேசியாவிலேயே. மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 121 பேரிடம் நடத்திய ஆய்வு, 2014இல் 'ஸ்ட்ரோக்' மருத்துவ இதழில் வெளியானது. எல்லாருக்கும் இதயநோய் அபாயம் இருந்தது. மூளையின் வெண்பகுதியில் சிறு பாதிப்புகளும் எம்ஆர்ஐ படத்தில் தெரிந்தன. இப்படிப்பட்ட பாதிப்புகள் கூடினால் பக்கவாத அபாயமும் கூடும்.

ஒரு பிரிவினர் தினமும் 400 மில்லிகிராம் டோகோட்ரைனால் சாப்பிட்டார்கள். மற்றப் பிரிவினருக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களுக்குப் பாதிப்பின் அளவு கூடியிருந்தது. டோகோட்ரைனால் எடுத்தவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

நல்ல செய்திதான். ஆனால் அது 121 பேரிடம் நடந்த ஒரே ஆய்வு. படத்தில் பாதிப்பு கூடவில்லை என்பது ஒன்று. ஞாபகசக்தி கூடும், பக்கவாதம் வராது என்பது வேறு. இரண்டாவதை அது நிரூபிக்கவில்லை.

அப்போ செம்பனை எண்ணெயை அதிகம் சேர்த்துக்கலாமா?

வேண்டாம். கணக்கு போட்டுப் பாருங்கள். சுத்திகரிக்காத ஒரு கிலோ செம்பனை எண்ணெயில் சுமார் 600 முதல் 1,000 மில்லிகிராம் வைட்டமின் ஈ இருக்கும். அதில் சுமார் 70 விழுக்காடு டோகோட்ரைனால். ஆய்வில் கொடுத்த அளவு கிடைக்க, தினமும் அரைக் கிலோவுக்கு மேல் எண்ணெய் குடிக்க வேண்டும்! சுத்திகரிக்கும்போது வைட்டமின் ஈயின் ஒரு பகுதியும் போய்விடும். அந்த எண்ணெயில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மாத்திரை என்றால் பயமில்லையா?

'இயற்கையானது' என்பதாலேயே ஒரு மாத்திரை பாதுகாப்பானது ஆகிவிடாது. வைட்டமின் ஈயின் டோகோஃபெரால் வகையை 35,000க்கும் அதிகமான ஆண்களிடம் அமெரிக்காவில் பெரிய அளவில் சோதித்தார்கள். மாத்திரை எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் அபாயம் 17 விழுக்காடு கூடியதாக 2011இல் தெரியவந்தது. டோகோட்ரைனால் வேறு வகைதான். ஆனாலும் எச்சரிக்கை தேவை.

அதிக அளவு வைட்டமின் ஈ ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். வீட்டில் யாராவது வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுகிறார்களா? அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறார்களா? அப்படியென்றால் மருத்துவரைக் கேட்காமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

வேறு என்ன செய்யலாம்?

ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, புகைபிடிக்காமல் இருப்பது, தினமும் நடப்பது: மூளையின் ரத்தக்குழாய்களைக் காக்க இவற்றுக்குத்தான் வலுவான ஆதாரம் இருக்கிறது. மாத்திரை வாங்கும் முன், அப்பாவின் ரத்த அழுத்தத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். திடீரென்று முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ காத்திருக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.