தவளைக் கால் ஏற்றுமதியான காலம்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப் பாதையில் வில்லிவாக்கத்தைத் தாண்டியதும் வரும் நிலையங்களை நினைத்துப் பாருங்கள். கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி. இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்பும் நிறைந்த இந்த ஊர்கள் ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த சிற்றூர்கள். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கும் நீர் இறங்கும். தெற்கே பூவிருந்தவல்லியை அடுத்துச் செம்பரம்பாக்கம் பேரேரி. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கி, கோடை வரை வைத்துச் செலவு செய்வதற்காக நம் முன்னோர் அமைத்த ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டினால் பயிர் மட்டும் வாழவில்லை. தவளைகளும் வாழ்ந்தன. சில மாதம் நீர், சில மாதம் வறட்சி என்ற ஒழுங்கு தவளைக்கு மிகவும் உகந்தது. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் இடத்தில் மீன்கள் பெருகித் தவளையின் முட்டையையும் தலைப்பிரட்டையையும் தின்றுவிடும். புதுமழையில் தேங்கிய வயல் நீரிலோ மீன் குறைவு. அது வற்றுவதற்குள் தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேறிவிட்டால் போதும்.

நம் ஊர்த் தவளைகளில் பெரியது புல்தவளை. முழு வளர்ச்சியில் பதினாறு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மழை தொடங்கியதும் ஆண் தவளையின் உடல் எலுமிச்சம்பழ மஞ்சளாக மாறும். தொண்டையின் இருபுறமும் நீலப் பைகள் புடைக்கும். இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு தவளை சற்றுத் தடித்த உடலுடையது. பின்னங்காலில் மண்வெட்டி போன்ற ஒரு புடைப்பு உண்டு. அதனால் பின்புறமாக மண்ணைத் தோண்டிக்கொண்டே உள்ளே இறங்கி, கோடையை மண்ணுக்குள் கழிக்கும். இப்படி மண்ணுள் மறையும் தவளைக்கு நுணல் என்ற பழஞ்சொல் நம்மிடம் உண்டு.

மூன்றாவது, ஏரி நீரில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறத் தவளை. அறிவியல் பெயரின்படி இது 'ஆறுவிரல் தவளை'. தவளை என்றாலே பூச்சி தின்பது என்றுதானே படித்திருக்கிறோம்? இது வளர்ந்தபின் பெரும்பாலும் நீர்ச்செடிகளின் இலையைத் தின்கிறது! இந்திரநீல் தாஸ் என்ற விலங்கியலாளர் தென்னிந்தியாவில் இதை ஆராய்ந்து 1996இல் வெளியிட்டார். உலகத் தவளை இனங்களில் இத்தகைய இலையுண்ணிகள் மிக மிகச் சில.

இவற்றுக்கு அறிவியல் பெயர் வந்த கதையும் நம் கடற்கரையைச் சேர்ந்ததே. தரங்கம்பாடியில் பாதிரியாராக இருந்த ஜான் என்பவர் மீன், பாம்பு, தவளை முதலியவற்றைச் சாராயத்தில் பதப்படுத்திப் பெர்லினில் இருந்த பிளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பி வந்தார். அந்தச் சேகரிப்பைப் பார்த்து ஷ்னைடர் என்ற ஜெர்மானிய அறிஞர் 1799இல் பல தவளைகளுக்குப் பெயரிட்டார். நீரின் மேல் தத்தித் தத்திச் செல்லும் தவளை அவற்றுள் ஒன்று. இலை தின்னும் தவளைக்கு 1834இல் பெயரிட்டவர் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர். அவருக்கு அது கிடைத்தது புதுச்சேரியிலிருந்து. மண் தோண்டும் தவளைக்கு, சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் 1853இல் பெயரிட்டார். நம் வயலில் தினம் கத்திய பிராணிகளை அயல்நாட்டார் புட்டியில் பார்த்து வகைப்படுத்த வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

புட்டியில் சென்றவை சில. பனிக்கட்டிப் பெட்டியில் சென்றவை கோடிக்கணக்கில்.

தவளையின் பின்னங்கால் பிரான்சு நாட்டாருக்குச் சுவையான உணவு என்பது நீங்கள் அறிந்ததே. அங்கே தவளைகள் அருகத் தொடங்கியபோது வாணிகர்களின் கண் கீழ்நாடுகளின் நெல்வயல்கள் மீது விழுந்தது. 1960களில் வளர்ந்த இந்த வாணிகத்தில், 1970களில் இந்தியா முன்னணி நாடாகிவிட்டது. அமெரிக்காவும் வாங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஓர் ஆண்டில் 4,000 டன்னுக்கு மேல் தவளைக் கால் கப்பலேறியது. அது கால்களின் எடை மட்டுமே. ஒரு தவளையில் அந்தக் கால்கள் பாதி எடைகூட இருப்பதில்லை. எத்தனை தவளைகள் என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

'தவளை தன் வாயால் கெடும்' என்பார்கள். பிடிப்பவர்களுக்கு அந்தப் பழமொழிதான் வழிகாட்டி. மழை பெய்த இரவில் குரல் வரும் திசையில் பெட்ரோமாக்ஸ் விளக்குடன் செல்வார்கள். கண்ணில் ஒளி பட்டதும் தவளை அசையாமல் நின்றுவிடும். கையால் அள்ளிச் சாக்கில் போட வேண்டியதுதான். கத்துவது ஆண் தவளை, இனம் பெருக்கும் பருவத்தில். பெண் தவளையும் அங்கேதான் வரும், வயிறு நிறைய முட்டையுடன். ஒரு பெண் தவளையைப் பிடித்தால் பல ஆயிரம் முட்டைகளும் சேர்ந்து போயின. பிறகு இடுப்போடு வெட்டி, தோலுரித்து, இறால் பதப்படுத்தும் தொழிற்கூடங்களிலேயே உறைய வைத்தார்கள். பல இடங்களில் உயிருடனேயே வெட்டினார்கள். முன்பாதி துடித்துக்கொண்டு கிடக்கும். ஏற்றுமதிக் கணக்கில் தவளைக் கால் 'கடல் பொருள்' என்ற தலைப்பின்கீழ் வந்தது. வாழ்நாளில் கடலையே பார்க்காத பிராணிக்கு இந்தப் பெயர்!

பண்ணை வைத்து வளர்க்கலாமே என்று கேட்கலாம். புல்தவளையின் தலைப்பிரட்டைகள் ஒன்றையொன்று தின்னும். வளர்ந்த தவளை அசையும் இரையை மட்டுமே பிடிக்கும். தீனியைக் கொட்டி வைத்தால் திரும்பிப் பார்க்காது. எனவே ஏற்றுமதியானவை வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் பிடிக்கப்பட்டவையே.

எதிர்ப்பு இரண்டு பக்கத்திலிருந்து எழுந்தது. வெட்டும் கொடுமையைக் கண்டித்தவர்கள் ஒரு பக்கம். மறு பக்கம் பயிரைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். தவளை இரவெல்லாம் பூச்சிகளையும் வயல் நண்டுகளையும் தின்கிறது. அதை விற்று வந்த அந்நியச் செலாவணியைக் கொண்டு பூச்சிமருந்து வாங்குவது என்ன கணக்கு என்று அவர்கள் கேட்டார்கள். எனக்கு இந்த இரண்டாவது வாதமே வலுவாகப் படுகிறது. பிரான்சு தன் நாட்டுத் தவளைகளை வணிகத்துக்காகப் பிடிப்பதை 1980இல் தடை செய்துவிட்டு, நம் தவளைகளை வாங்கிக்கொண்டிருந்தது. 1985இல் புல்தவளையும் ஆறுவிரல் தவளையும் பன்னாட்டு வாணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்தியா ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. அதன்பின் அந்த வாணிகம் முடிந்துவிடவில்லை. இந்தோனேசியாவுக்கு இடம் மாறியது.

புல்தவளை மீண்டும் பெருகியது. பெருகும் திறன் அதற்கு அதிகம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தமான் தீவுகளில் போய்ச் சேர்ந்து, அங்குள்ள சிறு தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்னும் தொல்லையாகவே ஆகியிருக்கிறது. ஆனால் நம் மேற்குப் புறநகரில், கத்தி விலகிய அதே காலத்தில் வேறொன்று நடந்தது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தொடங்கியது. ஆவடியில் டாங்கி தொழிற்சாலையும் அதே பத்தாண்டில் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். வயல்கள் மனையாயின. வயல் போனபின் ஏரிக்கு வேலை இல்லை, ஏரியும் மனையாயிற்று. முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் அமைத்த ஒரு பகுதிக்கு இன்றும் 'ஏரித் திட்டம்' என்றே முகவரி எழுதுகிறார்கள்.

எஞ்சிய ஏரிகளின் நிலை ஒரே மாதிரி இல்லை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்காகச் சென்றது. ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி சீரமைக்கப்பட்டு 2019இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது, படகும் விடுகிறார்கள். தவளை தோலாலும் சுவாசிப்பதால் நீரில் கரைந்த நச்சு நேராக உடலுக்குள் போய்விடும் என்பதைக் கழிவுநீர்ப் பேச்சில் மறந்துவிடக் கூடாது. அதேபோல், கரையைச் செங்குத்தான கற்சுவராகக் கட்டினால் கால் முளைத்த குஞ்சுத் தவளை எதைப் பிடித்து ஏறும் என்பதையும் திட்டமிடுகிறவர்கள் எண்ண வேண்டும். சரிவான மண்கரையும் ஓரத்தில் கொஞ்சம் கோரையும் இருந்தாலே அதற்குப் போதும், செலவும் குறைவு.

அடுத்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த இரவு, உங்கள் வீட்டுக்கருகே காலிமனை இருந்தால் காது கொடுத்துக் கேளுங்கள். சொறி படர்ந்த தேரையின் நீண்ட குரல் நிச்சயம் கேட்கும். அது தெருவிளக்கடியிலும் பிழைக்கும். நீர் முழங்காலளவு நின்றால் புல்தவளையும் கத்தலாம். இலை தின்னும் பச்சைத் தவளையைக் காண்பதற்கு மட்டும், அல்லியும் பாசியும் ஆண்டில் பெரும்பகுதி நிற்கும் ஓர் ஏரியைத் தேடிப் போக வேண்டும்.