கிட்டங்கியும் தெருவும்

செட்டிநாட்டுக்காரனைப் போல் வெளிதேசம் பார்த்தவன் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர், சைகோன் என்ற பெயர்கள் காரைக்குடி வட்டாரத்து வீடுகளில் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் போலப் புழங்கியவை. ஆனால் போனவர்கள் பார்த்தது நகரத்தைத்தானா? எனக்குச் சந்தேகம் உண்டு. நகரத்துக்கு ஒரு தெருதான் அவர்களுக்கு இருந்தது. ரங்கூனில் மொகல் தெரு, சிங்கப்பூரில் மார்க்கெட் தெரு, கொழும்பில் செட்டியார் தெரு. தெருவில் ஒரு கிட்டங்கி. கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டி, தரையில் உட்கார்ந்து எழுதச் சிறு மேஜை, இரவானால் அங்கேயே ஒரு பாய். இந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'கொண்டுவிக்கப் போதல்'. பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷக் கணக்கு முடித்துத் திரும்புகிறவனுக்கு நகரம் என்பது கடன் கேட்டு வருகிறவர்கள் நிற்கும் வாசல்தான்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொழிலின் தர்மம் அப்படி. 1930ஐ ஒட்டிப் பர்மாவில் சுமார் 1650 செட்டியார் கடைகள் இருந்தன. உலக மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், 1938க்குள் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. நிலம் பேரேட்டில் ஒரு வரியாக வந்தது. பார்வையில் விழவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துத்தான் ஏ.கே. செட்டியாரைப் பார்க்கவேண்டும் என்று எனக்குப் படுகிறது. 1911இல் பிறந்தவர், காரைக்குடியை அடுத்த கோட்டையூர்க்காரர். அவரும் ரங்கூன் போனார். ஆனால் வட்டிக் கணக்கு எழுத அல்ல, 'தனவணிகன்' பத்திரிகையை நடத்த. பிறகு 1930களின் நடுவில் டோக்கியோவுக்குப் போய்ப் புகைப்படக் கலை படித்தார். 1937இல் அதே படிப்புக்காக நியூயார்க். 'ஜப்பான்' என்ற அவருடைய புத்தகம் 1936இல் வந்தது.

மாணவனாகப் போவது வேறு விஷயம். அவனுக்கென்று ஒரு தெரு இல்லை, வாசலில் வந்து நிற்க ஆள் இல்லை, கையில் காசும் குறைவு. ஆகவே நடக்கிறான். 1888இல் லண்டனுக்குச் சட்டம் படிக்கப் போன காந்தி, மலிவான சைவச் சாப்பாடு தேடித் தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்ததாகத் தன் சரித்திரத்தில் எழுதுகிறார். அந்தக் காந்தியைப் பற்றித்தான் செட்டியார் பின்னால் உலகமெல்லாம் அலைந்து துண்டுப் படங்களைச் சேகரித்து, 1940இல் முழுநீள ஆவணப்படம் வெளியிட்டார் என்பது தற்செயலாகவே இருக்கட்டும். நடந்து ஊரை அறிந்தவர்களுக்குள் ஏதோ ஒரு உறவு இருக்கிறது.

டோக்கியோ நடந்தே தீரவேண்டிய நகரம். அங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பெயரில்லை. அன்று வீட்டு எண்கள் வரிசையாக ஓடியதும் இல்லை. ஒரு பகுதிக்குள் எந்த மனை எப்போது பதிவாயிற்றோ அதற்கேற்ற எண்ணே இருந்தது. முகவரி கையில் இருந்தாலும் பேட்டைக்குள் போய்க் கடைக்காரரைக் கேட்டு, போலீஸ் சாவடியில் கேட்டு, சுற்றித்தான் வீட்டை அடையவேண்டியிருந்தது. செட்டிநாட்டில் கோடு கிழித்தாற்போன்ற தெருக்கள். வீட்டின் முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். அதில் வளர்ந்த கண்ணுக்கு டோக்கியோ எப்படிப்பட்ட சிக்கல் என்று யோசிக்கலாம். நியூயார்க்கோ எதிர்த் துருவம். 1811இல் போட்ட திட்டப்படி எண்ணிட்ட தெருக்கள். எண்ணத் தெரிந்தவன் யாரையும் கேட்காமல் போய்விடலாம். கேட்டு நடக்கும் நகரம் ஒன்று, எண்ணி நடக்கும் நகரம் ஒன்று. இரண்டிலும் மாணவராக இருந்த ஒருவர் தமிழில் எழுத வந்தது நம் உரைநடைக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

அந்த உரைநடையைத்தான் நாம் சரியாகப் பார்க்கவில்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள். பார்த்தது, கேட்டது, சாப்பிட்டது, கொடுத்த விலை. 'நான்' என்பது அநேகமாக ஒதுங்கியே நிற்கும். இதைத் 'தகவல்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவது நம் விமர்சன வட்டாரத்தில் சுலபமாக நடந்துவிட்டது. நமக்கு வேண்டியது 'அனுபவம்'. அனுபவம் என்றால் எழுதுகிறவனின் மனம் கலங்கியது, நெகிழ்ந்தது, கசந்தது. மனம் பின்னுக்குப் போய்ப் பொருள் முன்னுக்கு வருவதும் அனுபவத்தின் ஒரு தளம் என்பதை ஒப்புக்கொள்ள நமக்குத் தயக்கம்.

வங்கியில் கணக்கோடு மாரடிக்கும் எனக்கு இந்த நடையின் வேர் பரிச்சயமானதாகத் தெரிகிறது. பேரேடு எழுதுகிறவன் தன் மனநிலையை அதில் எழுதுவதில்லை. வந்ததையும் போனதையும் அன்றன்றைக்குப் பதிகிறான். அந்த மரபின் கட்டுப்பாட்டைக் கிட்டங்கியிலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்தார் செட்டியார் என்பது என் வாதம். கூடவே காமிரா. படம் எடுக்கிறவன் படத்தில் இல்லை; ஆனால் எங்கே நின்றான், எவ்வளவு கிட்டே போனான் என்பது படத்தில் இருக்கிறது. அவர் வாக்கியங்களிலும் 'நான்' இப்படித்தான் இருக்கிறது.

எதிர் உதாரணமாக ப. சிங்காரத்தைச் சொல்லவேண்டும். சிங்கம்புணரிக்காரர், அதே நிலத்து மனிதர். 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது. அதன் பாண்டியன் மெடான் தெருக்களில் நடக்கும்போது மதுரைத் தெருக்கள் அவன் காலடியில் எழுகின்றன. ஒரு நகரத்தின்மேல் இன்னொரு நகரம் படர்கிறது. மகத்தான சாதனை அது; மறுப்பில்லை. ஆனால் மெடானை மெடானாகவே இருக்கவிடும் பார்வை ஒன்றும் வேண்டும் அல்லவா? சிங்காரத்தின் நடை நினைவின் நடை. செட்டியாருடையது காலின் நடை. முதலாவதை இலக்கியம் என்றும் அடுத்ததைப் பிரயாணக் குறிப்பு என்றும் பிரித்துவைத்ததில் நஷ்டம் நமக்குத்தான்.

நஷ்டம் வெறும் ரசனை சம்பந்தப்பட்டதும் அல்ல. 1923 பூகம்பத்தில் அழிந்து, 1930வாக்கில் புனரமைப்பு முடிந்து நின்ற டோக்கியோவைத்தான் செட்டியார் பார்த்தார். 1945 மார்ச்சில் ஒரே இரவில் விழுந்த குண்டுகளில் அதன் பெரும்பகுதி எரிந்து, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு பக்கம், 1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் ரங்கூன்மேல் குண்டு போட்டன. அவர் படித்த தேசம் அவர் பத்திரிகை நடத்திய நகரத்தை அழித்தது. தொடர்ந்த மாதங்களில் இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடும் மலையும் தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். பல்லாயிரம் பேர் வழியில் விழுந்தார்கள். வெ. சாமிநாத சர்மா அந்த நடையை எழுதிவைத்திருக்கிறார். தெருவையே பார்க்காமல் கிட்டங்கியில் இருந்தவர்கள் கடைசியில் முழு தேசத்தையும் காலால் அளக்க நேர்ந்தது. மொகல் தெரு இன்று ஷ்வே போன்தா தெரு. பெட்டிகள் போய்விட்டன, நிலங்களும் போயின. விரும்பி நடந்த ஒரு மாணவன் எழுதிய பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன.

செட்டிநாட்டு வரலாறு இன்று வீடுகளின் வரலாறாகச் சுருங்கிவிட்டது. பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், ஆத்தங்குடிக் கல். பார்க்க வருகிறவர்களுக்கு இவை போதுமானவையாக இருக்கலாம். செட்டியார் தமக்கு முன்னால் நடந்தவர்களையும் தேடிப் போனவர். 1943 முதல் 1983இல் தாம் மறையும்வரை நடத்திய 'குமரி மலரி'ல் பழைய எழுத்துக்களை மீட்டுப் போட்டார்; பழைய பிரயாணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்து நூலாக்கினார். தேக்குத் தூண்களைக் கணக்கெடுப்பவர்கள் அந்தத் தொகுதிகளையும் சொத்துப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.