ஆறு விருதுகளைத் திருப்பி அனுப்பிய கனடா பாடகர்: ஸ்டாம்பின் டாம் கானர்ஸின் இசைப் பயணம்

கனடாவின் நாட்டுப்புற, கன்ட்ரி இசைப் பாடகரும் பாடலாசிரியருமான ஸ்டாம்பின் டாம் கானர்ஸ் (1936-2013), தமது நாட்டின் ஊர்களையும் உழைப்பாளர்களையும் பாடிப் புகழ்பெற்றவர். கனடாவின் முதன்மையான இசை விருதான ஜூனோவை ஆறு முறை வென்ற அவர், 1978-ஆம் ஆண்டு அவை அனைத்தையும் திருப்பி அனுப்பினார். சொந்த நாட்டிலேயே தங்கி, அந்நாட்டைப் பற்றியே பாடும் கலைஞருக்கு உரிய இடம் கிடைக்கிறதா என்பதே அவர் எழுப்பிய கேள்வி.

இளமைப் பருவம்

நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் செயின்ட் ஜான் நகரில் 1936 பிப்ரவரி 9 அன்று அவர் பிறந்தார். சிறுவயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, குழந்தைகள் நல அமைப்பின் பராமரிப்பில் வைக்கப்பட்டார். பின்னர் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் உள்ள ஸ்கின்னர்ஸ் பாண்ட் கிராமத்தைச் சேர்ந்த குடும்பம் அவரைத் தத்தெடுத்தது. 13 வயதில் வீட்டை விட்டு வெளியேறிய அவர், வழியில் வரும் வாகனங்களில் இடம் கேட்டு ஏறி, பல ஆண்டுகள் நாடு முழுவதும் சுற்றினார். கிடைத்த கூலி வேலைகளைச் செய்தார். அவற்றுள் ஒன்றான ஒன்டாரியோ மாகாணப் புகையிலைத் தோட்ட வேலை, பிற்காலத்தில் 'டில்சன்பர்க்' என்ற பாடலானது.

ஐந்து சென்ட் தந்த திருப்பம்

1964-இல் தங்கச் சுரங்க நகரமான டிம்மின்ஸை அடைந்தார். அங்குள்ள மேப்பிள் லீஃப் ஹோட்டலில் ஒரு பியர் வாங்க அவரிடம் ஐந்து சென்ட் குறைந்தது. சில பாடல்கள் பாடினால் பியர் தருவதாக மதுக்கூடப் பணியாளர் கூறினார். அன்று தொடங்கிய பாட்டு, 14 மாத ஒப்பந்தமாக நீண்டது. உள்ளூர் வானொலி வாய்ப்பும் முதல் இசைத்தட்டுகளும் தொடர்ந்தன.

மதுக்கூடங்களின் இரைச்சலை மீறித் தாளம் கேட்பதற்காக, இடது காலால் தரையை ஓங்கி மிதித்தபடி பாடுவது அவரது வழக்கம். மேடைத் தரை சேதமடையாமல் இருக்கக் காலடியில் ஒட்டுப்பலகை ஒன்றையும் வைத்துக்கொண்டார். கனடாவின் நூற்றாண்டு தினமான 1967 ஜூலை 1 அன்று, பீட்டர்பரோ நகர மதுக்கூடம் ஒன்றில் 'ஸ்டாம்பின் டாம்' என்று அறிமுகப்படுத்தப்பட்டார். 'கால் மிதிக்கும் டாம்' என்ற பொருள் கொண்ட அப்பெயரே நிலைத்தது.

பாடல்களின் களம்

'சட்பரி சாட்டர்டே நைட்' நிக்கல் சுரங்கத் தொழிலாளர்களின் வார இறுதியைச் சொல்கிறது. 1969-இல் வெளியான 'பட் த ஸ்பட்', பிரின்ஸ் எட்வர்ட் தீவின் உருளைக்கிழங்கை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநரைப் பற்றியது. 1973-இல் வந்த 'த ஹாக்கி சாங்', பனி ஹாக்கி ஆட்டத்தின் மூன்று பகுதிகளையும் வரிசையாக விவரிக்கிறது. கனடாவின் ஹாக்கி அரங்குகளில் அது இன்றும் ஒலிக்கிறது.

1971-இல் நண்பருடன் இணைந்து பூட் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். கிதார் கலைஞர் லியோனா பாய்ட், கனடியன் பிராஸ் குழு ஆகியோரின் தொடக்ககால இசைத்தட்டுகளை அந்நிறுவனம் வெளியிட்டது.

விருதுகளும் எதிர்ப்பும்

வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 சதவீதம் கனடா நாட்டுப் படைப்புகளாக இருக்க வேண்டும் என்ற விதி 1971-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னரும், அமெரிக்காவில் குடியேறித் தொழில் செய்பவர்களுக்கே ஜூனோ விருதுகள் செல்வதாக கானர்ஸ் குற்றம்சாட்டினார். 'எல்லை தாண்டியவர்கள்' என்று அவர்களைக் குறிப்பிட்டார். உள்நாட்டிலேயே பணியாற்றும் கலைஞர்கள் புறக்கணிக்கப்படுவதாகக் கூறி விருதுகளைத் திருப்பி அனுப்பிய பின், இசைத் துறையிலிருந்தும் ஒதுங்கினார். புகழின் உச்சத்தில் இருந்தவர், ஏறத்தாழ பத்தாண்டுகள் ஒன்டாரியோவில் உள்ள தமது பண்ணையிலேயே வாழ்ந்தார்.

மீள்வருகை

1988-இல் 'ஃபிடில் அண்ட் சாங்' இசைத்தொகுப்புடன் திரும்பினார். 1990-இல் மீண்டும் நாடு தழுவிய இசைப் பயணம் மேற்கொண்டார். 1996-இல் ஆர்டர் ஆஃப் கனடா விருது அளிக்கப்பட்டது. அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கோனன் ஓ'பிரையன் 2004-இல் தமது நிகழ்ச்சியை டொராண்டோவில் நடத்தியபோது, அதில் 'த ஹாக்கி சாங்' பாடினார். அமெரிக்க நிகழ்ச்சி கனடாவுக்கு வந்து அவரைப் பாட வைத்தது. 2009-இல் அவரது உருவம் பொறித்த அஞ்சல்தலை வெளியானது.

2013 மார்ச் 6 அன்று, தமது 77-ஆவது வயதில் கானர்ஸ் காலமானார். ரசிகர்களுக்கு அவர் எழுதிவைத்திருந்த கடிதம் மறைவுக்குப் பின் வெளியிடப்பட்டது. கடினமான பாதையில் தம்மைத் தொடர்ந்து நடக்கச் செய்தது கனடாவின் அழகும் இயல்புமே என்று அதில் குறிப்பிட்டிருந்தார். அவர் வளர்ந்த ஸ்கின்னர்ஸ் பாண்டில் 2017-ஆம் ஆண்டு முதல் அவரது பெயரில் நினைவு மையம் இயங்கி வருகிறது.