பேரருவியின் பேரேடு

உங்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. வ. புதுப்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் தெரிவது மேற்குத் தொடர்ச்சி மலை. குற்றாலத்தில் தெரிவதும் அதே மலைதான். அப்படியிருக்க, ஜூன் பிறந்ததும் புதுப்பட்டிக்காரர் ஏன் மூட்டை கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி என்று பஸ் மாறி மாறிப் போக வேண்டும்? அந்தச் சாரல் இங்கேயே கொஞ்சம் அடித்தால் என்னவாம்?

காரணம், குற்றாலத்துக்குப் பக்கத்தில் மலை ஒரு வாசல் விட்டிருக்கிறது. ஆரியங்காவு கணவாய்! தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலையில் முட்டிக்கொண்டு நிற்கும். வத்திராயிருப்புப் பக்கம் மலை உயரம். மேகம் அந்தப் பக்கமே கடையை மூடிவிடும். செங்கோட்டைப் பக்கம் தணிவு. அந்த இடைவெளி வழியாக ஈரக்காற்று உள்ளே நுழைந்து விடுகிறது. அதுதான் சாரல். வெள்ளைக்காரன் ரயில் விடவும் இதே வாசலைத்தான் பிடித்தான். 1904-ல் கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது. 2010-ல் அகலப்பாதைக்காக நிறுத்தி, 2018-ல் மறுபடி ஓடியது.

நான் காமர்ஸ் படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு எழுதிப் பார்க்கும் கெட்ட பழக்கம் உண்டு. வாருங்கள், குற்றால அருவிக்கும் ஒரு பேரேடு போடுவோம்.

முதல் வரவு, ஒரு புலவருக்கு. பக்கத்து ஊரான மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர். 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குற்றாலக் குறவஞ்சி பாடினார். மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் மனம் குளிர்ந்து நிலமே கொடுத்துவிட்டார். அந்த நிலத்துக்கு என்ன பெயர் தெரியுமா? குறவஞ்சிமேடு! ஒரு புத்தகத்தின் பெயரில் ஒரு வயல். இன்றைய எழுத்தாளர்கள் பெருமூச்சு விடலாம்.

அடுத்து, சிவபெருமான் கணக்கு. அவர் ஆடும் ஐந்து சபைகளில் சிதம்பரத்துக்குப் பொன், மதுரைக்கு வெள்ளி, நெல்லைக்குத் தாமிரம், திருவாலங்காட்டுக்கு ரத்தினம். குற்றாலத்துக்கு? சித்திரம்! இங்கே நடராசரைச் சுவரில் ஓவியமாகவே தீட்டி வைத்தார்கள். செலவு குறைவு, அழகு அதிகம்.

மூன்றாவதாக வந்தவர்கள் சிக்கனக்காரர்கள் அல்ல, அசல் வியாபாரிகள். கிழக்கிந்தியக் கம்பெனி!

ஜாதிக்காயும் கிராம்பும் அந்தக் காலத்தில் தங்கத்துக்குச் சமம். அவை விளைந்த மொலுக்காஸ் தீவுகளை டச்சுக்காரர்கள் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். 1796-ல் ஆங்கிலேயர்கள் அம்பாய்னாவையும் பாண்டா தீவுகளையும் கைப்பற்றினார்கள். உடனே கன்றுகளைக் கிளப்பிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவற்றை நட்டு வளர்த்துப் பார்த்த இடங்களில் நம் குற்றாலமும் ஒன்று. மழை இருக்கிறது, நிழல் இருக்கிறது, கூலிக்கு ஆள் இருக்கிறது. லாபம் வராமல் எங்கே போகும் என்பது கம்பெனிக் கணக்கு.

போய்விட்டது! செடி வளர்ந்தது, ஆனால் சந்தை வளரவில்லை. கிராம்பு ராஜ்யம் பிற்பாடு ஆப்பிரிக்கக் கரையோரம் ஸான்ஸிபாருக்கும், ஜாதிக்காய் கரீபியன் கடலில் கிரெனடாவுக்கும் போய்ச் சேர்ந்தன. கம்பெனிக்குக் குற்றாலம் கடைசியில் உடம்புக்கு நல்ல ஊராக மட்டும் மிஞ்சியது. சீசனில் வெள்ளைக்கார அதிகாரிகள் பங்களாக்களில் வந்து தங்கினார்கள். திருவிதாங்கூர் மகாராஜாவும் விடவில்லை; அங்கே ஓர் அரண்மனை கட்டிக்கொண்டார்கள். இன்றும் அது தமிழ்நாட்டு மண்ணில், கேரள அரசின் பொறுப்பில் இருக்கிறது.

உண்மையான லாபம் பார்த்தவர் ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட். கம்பெனியின் சர்ஜன். குற்றால மலையில் ஏறி இறங்கிச் செடி செடியாகச் சேகரித்தார். ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்கள் அவருக்காகச் செடிகளை வரைந்தார்கள். இன்றும் தாவரவியலில் குற்றாலத்தின் பெயரைச் சுமக்கும் மரம் உண்டு. நாவல் வகையைச் சேர்ந்த ஸிஸிஜியம் குற்றாலென்ஸ். பணமாகாத வரவுதான். ஆனால் நிலைத்துவிட்டது.

சரி, நம் கணக்குக்கு வருவோம். பேரருவிக்கு அடியில் தலையைக் கொடுக்கிறோமே, அவ்வளவு உயரத்திலிருந்து விழும் தண்ணீர் ஏன் மண்டையைப் பிளப்பதில்லை? பாதி வழியில் பாறையில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. பெயர் பொங்குமாங்கடல். மேலேயிருந்து வரும் தண்ணீர் அதில் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்து நம்மிடம் வருகிறது. இயற்கை கட்டிக் கொடுத்த ஷாக் அப்ஸார்பர்!

ஆனால் எந்தப் பள்ளத்துக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. சீசனுக்கு முன்பே, 2024 மே 17-ல் மலைமேல் கோடை மழை கொட்டியது. பழைய குற்றாலத்தில் திடீரென வெள்ளம் பாய்ந்து, குளிக்க வந்த 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. வ. புதுப்பட்டிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 2015 மே மாதம், அமாவாசைக்காகச் சதுரகிரி ஏறிய பக்தர்கள் ஓடையைக் கடக்கும்போது இதே போல வெள்ளத்தில் சிக்கினார்கள். பலர் திரும்பவில்லை. இரண்டுமே மே மாதம் என்பதைக் கவனித்தீர்களா? சீசனில் போலீஸ் நிற்கும், கயிறு கட்டியிருக்கும், சிவப்பு விளக்கு எரியும். கோடையில் நாமும் அசட்டை, அவர்களும் அசட்டை.

காட்டாற்று வெள்ளத்தின் சூழ்ச்சியே இதுதான். மழை பெய்வது மேலே. நாம் நிற்பது கீழே, சில சமயம் சுள்ளென்ற வெயிலில். அதனால் வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பாருங்கள். தெளிந்த நீர் கலங்கிச் செம்மண் நிறமாகிறதா? சருகும் சுள்ளியும் மிதந்து வருகிறதா? சத்தம் கனக்கிறதா? சோப்பு டப்பாவையும் செருப்பையும் மறந்துவிடுங்கள். செல்போனில் படம் எடுக்காதீர்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடையோடு ஓடாமல், பக்கவாட்டில் மேட்டில் ஏறுங்கள்.

மன்னர் நிலம் கொடுத்தார், கம்பெனி கிராம்பு நட்டது, டாக்டர் செடி சேர்த்தார். நாம் கொடுப்பது என்ன? ஷாம்பு பாக்கெட்டும் பழைய துணியும். அதே தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி, தென்காசிச் சீமையின் குளங்களை நிரப்பி, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. நாம் தலை தேய்த்த நுரை யாரோ ஒருவருடைய நாற்றங்காலுக்குப் போகிறது.

அடுத்த முறை போகும்போது ஒரு பை கொண்டு போங்கள். போட்ட குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். நம் பக்கத்துப் பற்று அவ்வளவாவது குறையட்டும்.