அம்மை இல்லாத ஊரில் அம்மன்

பங்குனி பிறந்தால் வாட்ஸப்பில் ஒரு செய்தி தவறாமல் வந்துவிடும். வேப்பிலை கிருமிநாசினி, மஞ்சள் ஆன்டிசெப்டிக், காப்புக் கட்டியபின் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்பது அந்தக் காலத்து க்வாரன்டைன். ஆகவே மாரியம்மன் திருவிழா என்பது நம் முன்னோரின் பொது சுகாதாரத் திட்டம். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் பக்தர்கள், மீதிப் பேர் என்னைப் போல இன்ஜினியரிங் படித்தவர்கள். எனக்கு இதில் ஒரே ஒரு சிக்கல்தான். வேப்பிலை பெரியம்மைக் கிருமியைக் கொன்றிருந்தால், தடுப்பூசி போடாதவர்களில் நோய் கண்ட பத்துப் பேருக்கு மூன்று பேர் அந்த வேப்பிலைப் படுக்கையிலேயே செத்திருக்க மாட்டார்கள்.

1802-இல் வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாகப் பம்பாய்க்கு அம்மைப்பால் வந்தது. அதே ஆண்டில் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. அன்று குளிர்பெட்டி கிடையாது. ஒரு குழந்தையின் கையில் குத்தி, எட்டாம் நாள் கொப்புளம் பழுத்ததும் அதிலிருந்து நீரெடுத்து அடுத்த குழந்தையின் கையில் குத்த வேண்டும். யார் வீட்டுப் பிள்ளையின் உடம்பு நீர் யார் வீட்டுப் பிள்ளைக்கு என்ற கேள்வி சாதி ஊரில் எழாமல் இருக்குமா? வெள்ளைக்கார மருத்துவர்கள் இந்தத் தயக்கத்தைப் பெரும்பாலும் ‘மூடநம்பிக்கை’ என்று எழுதி முடித்துக்கொண்டார்கள். குழந்தைக்கு ஒன்றுமில்லாதபோது அதன் கையில் காயம் பண்ண எந்தத் தாய்தான் சட்டென்று சம்மதிப்பாள் என்று யோசித்தவர்கள் குறைவு.

யோசித்தவர்களில் ஒருவர் எல்லிஸ் துரை. திராவிட மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816-லேயே சொன்ன அதே சென்னைக் கலெக்டர்தான். அவர் அறிவுரை சொல்லவில்லை, கதை எழுதினார். அம்மனே தன்வந்திரியோடு பேசி, பசுவிடமிருந்து வரும் இந்த மருந்தை மக்களுக்குச் சொல்வதாக ஒரு கதை, தமிழில். கெட்டிக்காரத்தனம்தான். ஆனாலும் அம்மனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் சனங்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. இன்றைய வாட்ஸப் செய்தியும் அதே கணக்கைத்தான் திருப்பிப் போடுகிறது. அவருக்கு அம்மன் தடுப்பூசியின் தூதர், நமக்கு சுகாதார அதிகாரி.

வீட்டில் அம்மை கண்டால் என்ன நடக்கும்? வாசல் நிலையில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள், இவர்களும் யார் வீட்டுக்கும் போகமாட்டார்கள். தாளிப்பு கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாது. நோய் என்ற வார்த்தையே வாயில் வராது. ‘அம்மா வந்திருக்கா’, ‘முத்துப் போட்டிருக்கா’. படுத்திருக்கிற பிள்ளையை ‘வாங்க, போங்க’ என்று மரியாதையாகப் பேசும் வீடுகள் உண்டு. ஏனென்றால் படுத்திருப்பது பிள்ளை மட்டும் இல்லை. இளநீர், நீர்மோர், பழம் என்று குளிர்ச்சியானவை மட்டுமே கொடுப்பார்கள்.

இப்போது சமயபுரத்துக்கு வாருங்கள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்குகிறது. கூடை கூடையாகப் பூவைக் கொண்டுவந்து அம்மன்மேல் சொரிகிறார்கள். அன்றிலிருந்து 28 நாள் பச்சைப் பட்டினி விரதம். விரதம் இருப்பது முதலில் நாமில்லை, அம்மன். தன் பிள்ளைகளுக்காக அவளே பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்கு வழக்கமான தளிகை இல்லை. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், பழம். பட்டியலை இன்னொரு தரம் பாருங்கள். அம்மை கண்ட வீட்டில் பிள்ளைக்குக் கொடுப்பது ஏறக்குறைய அப்படியே கோயிலில் அம்மனுக்குப் போகிறது. வீட்டில் நோயாளி அம்மன், கோயிலில் அம்மன் நோயாளி. நோயை அனுப்புகிறவள், நோயாய் வருகிறவள், நோயில் கிடக்கிறவள் மூன்று பேரும் ஒருத்தியே. இதில் ‘கிருமிநாசினி’யை எங்கே கொண்டுபோய் வைப்பது?

காலக்கணக்கும் இதையே சொல்கிறது. பெரியம்மை பனி முடிந்து வெயில் ஏறும்போது பெருகும் நோய். மாசி, பங்குனி, சித்திரை என்று பெரிய மாரியம்மன் திருவிழாக்கள் பலவும் விழுவது அந்த மாதங்களில். ஆனால் கூழ் ஊற்றும் ஆடியில் நோய்ப் பருவம் முடிந்திருக்கும், ஆற்றில் தண்ணீர் வந்து விதைக்கிற நேரம். மாரி என்றால் மழைதானே. வெயிலும் தண்ணீரும் இரண்டுமே அவளுடைய பொறுப்பு. அம்மை அந்த வெயிலின் ஒரு முகம், மிகக் கொடூரமான முகம்.

சரி, தனிமைப்படுத்தல்? அதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை விளக்கியவர் சென்னைக்காரர் ஒருவரே. தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் பெரியம்மையை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் டாக்டர் ஏ. ஆர். ராவ். நோய் புகுந்த 254 குடும்பங்களை ஆராய்ந்து 1968-இல் அவரது குழு வெளியிட்ட கட்டுரை, ஒரே வீட்டுக்குள் இது எப்படிப் பரவுகிறது என்பதைப் பற்றியது. பெரியம்மை காற்றில் ஊரெல்லாம் பறக்கிற நோய் இல்லை, பெரும்பாலும் நோயாளியின் பக்கத்தில் நெருங்கி இருந்தவர்களுக்கே வந்தது. அப்படியானால் வாசல் வேப்பிலை தெருவைக் காப்பாற்றியிருக்கலாம். உள்ளே பாயருகே உட்கார்ந்து விசிறிய அம்மாவை அது காப்பாற்றவில்லை. கர்ப்பிணிகளை இந்த நோய் எவ்வளவு கொடுமையாகக் கொன்றது என்பதையும் ராவ் எழுதியிருக்கிறார். அந்தப் பெண்கள் ஓடிப்போகாமல் உட்கார்ந்திருந்தது சுகாதார அறிவால் அல்ல. வந்திருப்பது அம்மா, வந்தவளை விட்டுவிட்டு எழுந்துபோக முடியாது. அதே காரணத்தால்தான் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் ஒளித்தும் வைத்தார்கள், நோய் இன்னும் நாலு பேருக்குப் பரவியது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். முன்னோர் விஞ்ஞானிகள் என்று சொல்லும்போது இந்தத் தாய்மார்கள் இருவிதத்திலும் காணாமல் போகிறார்கள், அவர்கள் துணிச்சலும் சரி, அவர்கள் கொடுத்த விலையும் சரி.

இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி 1975-இல். 1980 மே 8 அன்று உலகிலேயே அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. செய்தது தடுப்பூசியும், வீடு வீடாக நோயாளியைத் தேடிப்போன ஊழியர்களும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நோயைத் தடுக்கத்தான் திருவிழா என்றால் அன்றோடு சமயபுரத்தில் கூட்டம் குறைய ஆரம்பித்திருக்க வேண்டும். என் தொழிலில் இப்படி ஒன்று உண்டு. பழைய பக்கைச் சமாளிக்க எழுதிய கோடு, பக் போனபிறகும் அழிக்கப் பயந்து கிடக்கும். மாரியம்மனையும் அப்படி ஒரு மிச்சமாக நினைக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். யாருக்கும் தேவைப்படாத மிச்சத்துக்கு யாரும் மஞ்சள் சேலை கட்டி, வெறுங்காலோடு நெடுஞ்சாலைத் தாரில் திருச்சி வரை நடந்து போவதில்லை.

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. பிளேக் போய்ப் பல தலைமுறை ஆயிற்று, பெயர் மாறவில்லை, பூசை நிற்கவில்லை. 2021-இல் அதே ஊர்ப்பக்கம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவி என்று ஒரு சிலை வைத்தபோது ஊடகங்கள் சிரித்தன. எனக்கும் அந்தச் சிலைமேல் பெரிய பிரியம் வரவில்லை, கொஞ்சம் அவசரப்பட்டுச் செய்தது போலிருந்தது. ஆனால் பிளேக்குக்கு வந்தவளும் ஒருநாள் புதியவள்தான். முந்தைய ஆண்டு, 2020 சித்திரையில், ஊரடங்கில் சமயபுரம் தேர் ஓடவில்லை. தொற்றுநோய்க்கான தெய்வத்தின் தேர் தொற்றுநோயால் நின்றுபோனது.

இன்று மிஞ்சியிருப்பது சின்னம்மை. பெரியம்மையின் சொற்கள் எல்லாம் இதற்கு வந்துவிட்டன. டாக்டர் அசைக்ளோவிர் எழுதித் தருகிறார், நாமும் நேரம் தவறாமல் கொடுக்கிறோம். மாத்திரை அட்டை வேப்பிலைக் கொத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. மூன்றாம் தண்ணி எந்தக் கிழமை ஊற்றலாம் என்று மட்டும் டாக்டரிடம் கேட்பதில்லை, ஊரில் இருக்கும் பெரியம்மாவுக்குப் போன் போடுகிறோம்.