உண்ணிச்செடியும் அதன் தோட்டவகைகளும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மசினகுடியிலிருந்து முதுமலை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் ஆளுயரத்திற்குப் பின்னிக் கிடக்கும் புதர் ஒன்றைக் காணாதார் இலர். கொத்தின் நடுவில் மஞ்சளும் விளிம்பில் செம்மையும் காட்டிப் பூக்கும் அச்செடியைத் தமிழ்நாட்டார் உண்ணிச்செடி என்பர். ஈழத்தில் நாயுண்ணி என்பர். தாவரவியலார் லண்டானா கமரா என எழுதுவர். இச்செடியைக் குறிக்கும் தமிழ்க் கட்டுரைகள் பலவும் இது வெப்பமண்டல அமெரிக்காவின் காட்டுச்செடி என்றும், அழகுக்காக இந்தியாவுக்குக் கொணரப்பட்டது என்றும் சொல்லி அடுத்த செய்திக்குச் சென்றுவிடுகின்றன. இக்கூற்றின் பிற்பகுதி சரியானது. முற்பகுதி பாதி உண்மையே ஆகும். நம் காடுகளை மூடியிருப்பது அமெரிக்கக் காட்டிலிருந்து பெயர்த்து நடப்பட்ட செடி அன்று. ஐரோப்பியத் தோட்டங்களில் பல தலைமுறைகளாகக் கலந்து உருவாக்கப்பட்ட பூஞ்செடித் தொகுதி. இவ்வேறுபாடு பெயரளவினது அன்று. இதனைக் கருதாமையால் ஒரு நூற்றாண்டுக் கால ஒழிப்பு முயற்சிகள் எவ்வாறு இடறின என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

பெயர்

பிரெஞ்சுத் தாவரவியலார் சார்ல் பிளூமியே 1703இல் வெளியிட்ட அமெரிக்கத் தாவரப் பேரின நூலில் இச்செடிக்குக் கமரா என்னும் பெயரைப் பேரினப் பெயராகவே வழங்கினார். லின்னேயஸ் 1753இல் அதனைச் சிற்றினப் பெயராக இறக்கி, லண்டானா என்பதைப் பேரினப் பெயராக்கினார். லண்டானா என்பது ஐரோப்பாவில் வளரும் வைபர்னம் என்னும் வேறொரு புதர்ச்செடிக்கு வழங்கிய பழம்பெயர். இரண்டின் பூங்கொத்துகளும் தோற்றத்தில் ஒத்திருப்பதே இதற்குக் காரணம் என்பர். ஆக, அமெரிக்கச் செடி ஒன்று ஐரோப்பியச் செடியின் பெயரைச் சுமந்தே அறிவியல் ஏட்டில் நுழைந்தது.

தமிழ்ப் பெயரின் தோற்றம் குறித்து இருவகையாக எண்ண இடமுண்டு. கறுத்துத் திரண்ட சிறு கனிகள் ஆநிரையின் மேல் ஒட்டியிருக்கும் உண்ணியை ஒத்திருப்பதால் இப்பெயர் வந்திருக்கலாம். அக்கனிகளைச் சிறுவரும் பறவைகளும் உண்பதை ஒட்டியும் வந்திருக்கலாம். நாயுண்ணி என்னும் ஈழ வழக்கு முதற்கருத்துக்கே அரண் செய்வதாகத் தோன்றுகிறது. குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் 99 மலர்களுள் இதற்கு இடமில்லை, இருக்கவும் இயலாது. எனினும், இன்று குறிஞ்சி நிலத்தில் களஆய்வு செய்யச் செல்லும் மாணவர் காந்தளையும் வெட்சியையும் காணுமுன் இதனைக் காண்கின்றனர் என்பதும் உண்மை.

கண்ணாடிக் குடில்களில்

பதினேழாம் நூற்றாண்டிலேயே இச்செடி ஐரோப்பாவை அடைந்துவிட்டது. உறைபனியைத் தாங்க மாட்டாத செடி ஆதலின், அங்கு அது கண்ணாடிக் குடிலின் அரவணைப்பில் மட்டுமே வாழ முடிந்தது. பிரிட்டனில் கண்ணாடிமீதான வரி 1845இல் நீக்கப்பட்ட பின் குடில்கள் மலிந்தன. குளிர்காலத்தில் குடிலுள் வளர்த்த செடிகளைக் கோடையில் வெளியே பாத்திகளில் நட்டு, நிறக்கோலம் அமைப்பது செல்வர் தோட்டங்களின் வழக்கமாயிற்று. இவ்வழக்கத்துக்கு வேண்டிய பண்புகள் சில: செடி குட்டையாக இருத்தல் வேண்டும், கோடை முழுதும் ஓயாது பூத்தல் வேண்டும், நிறம் அண்டைச் செடியிலிருந்து தெளிவாக வேறுபடுதல் வேண்டும். நாற்றுப்பண்ணையாளர் வெவ்வேறு அமெரிக்கச் சிற்றினங்களைத் தம்முள் கலந்தும், கலப்பின் வழித்தோன்றல்களை மீண்டும் கலந்தும் இப்பண்புகளைத் தேடினர். கிடைத்த நல்ல செடியை விதையின்றிப் போத்து நட்டே பெருக்கினர்.

இவ்வாறு எழுந்த வகைகளின் எண்ணிக்கை வியப்பளிப்பது. ரிச்சர்ட் ஹோவர்ட் 1969இல் அர்னால்டியா இதழில் லண்டானாவின் தோட்டவகைப் பெயர்களைத் தொகுத்து வெளியிட்டார். பிற்கால ஆய்வுகள் பெயரிடப்பட்ட வகைகளை ஏறத்தாழ 650 எனக் கணக்கிடுகின்றன. பொன்னாடை எனப் பொருள்படும் டிராப் தோர் போன்ற சில பிரெஞ்சுப் பெயர்கள் இன்றும் விற்பனையில் வழங்குகின்றன.

இப்பெயர்களை நம்பி வகைகளை இனங்காண முயல்வோர்க்கு இச்செடியே ஓர் இடையூறு செய்கிறது. பூவின் நிறம் அதன் அகவையோடு மாறுகிறது. பிரேசிலில் வாழ்ந்த பிரிட்ஸ் முல்லர் 1877இல் நேச்சர் இதழில் எழுதிய குறிப்பு இதனை முதலில் தெளிவுறுத்திய பதிவுகளுள் ஒன்று. அவர் கண்ட செடியில் பூ முதல் நாள் மஞ்சளாகவும், இரண்டாம் நாள் செம்மஞ்சளாகவும், மூன்றாம் நாள் ஊதாவாகவும் இருந்தது. வண்ணத்துப்பூச்சிகள் பெரும்பாலும் மஞ்சள் பூக்களையே நாடின. டெல்லிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த எச்.ஒய். மோகன்ராமும் கீதா மாத்தூரும் இந்நிறமாற்றத்தை ஆராய்ந்து 1984இல் வெளியிட்டனர். ஆகவே மஞ்சளும் சிவப்பும் கலந்த கொத்தைக் கண்டு இருநிற வகை எனக் குறிப்பவர், உண்மையில் ஒரே பூவின் இளமையையும் முதுமையையும் சேர்த்துக் குறித்தவராகக்கூடும்.

கல்கத்தாவில் ஓர் ஆண்டு

இந்தியாவுக்கு இச்செடி வந்த ஆண்டாக 1807 என்றும் 1809 என்றும் இருவேறு கூற்றுகள் உள்ளன; இடம் கல்கத்தாத் தாவரவியல் பூங்கா என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆயின் இந்த ஓர் ஆண்டைச் சுட்டி வரலாற்றை முடித்துவிடுவது பொருந்தாது. ஏனெனில் மேற்கூறிய கலப்பின வளர்ச்சியின் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு உரியது. கல்கத்தாவில் முதலில் நடப்பட்ட செடி அக்கலப்பினங்களுக்கு முற்பட்டது. இன்று காட்டில் காணப்படும் பல்நிறத் தொகுதி அந்த ஒரு செடியின் வழித்தோன்றலாக இருத்தல் அரிது.

இதற்குச் சான்றுகள் இருவழியாகக் கிடைத்துள்ளன. ரமேஷ் கண்ணன், சார்லி ஷேக்கிள்டன், ஆர். உமா சங்கர் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இச்செடியின் வருகையையும் பரவலையும் மூன்று வேறு இடஅளவுகளில் மீட்டுருவாக்கம் செய்தது. அழகுச்செடியாகவும் உயிர்வேலியாகவும் இது பல இடங்களுக்குப் பலமுறை கொண்டுவரப்பட்டதை அதனால் அறியமுடிகிறது. அடுத்த ஆண்டில் அவிக் ரே, சுஹேல் குவாடர் ஆகியோர் இந்தியச் செடிகளின் மரபணு வேறுபாட்டை ஆராய்ந்து, பலமுறை வருகை நிகழ்ந்தது என்னும் முடிவையே அடைந்தனர். ஆவணமும் மரபணுவும் ஒரே திசையைக் காட்டும்போது, 1809 என்னும் ஒற்றை ஆண்டைப் பாடநூல்கள் தொடர்ந்து சொல்வது எளிமைக்காகவே எனலாம்.

பாத்தியிலிருந்து காட்டுக்கு

குளிர்நாட்டுத் தோட்டக்காரர் விரும்பித் தேர்ந்த பண்புகளே வெப்பநாட்டில் வினையாயின. ஓயாது பூக்கும் செடி ஓயாது காய்த்தது. கொண்டைக்குருவியும் நாகணவாயும் விதைகளைச் சுமந்தன. வெட்டிய போத்து மண்ணில் பட்டால் மீண்டும் வேர்விட்டது. குடகில் கைவிடப்பட்ட காப்பித் தோட்டங்கள் இதற்கு இடங்கொடுத்தன. அங்குள்ள காடுகளில் இச்செடி பரவியமை குறித்து எச். டயர்மன் என்பார் 1916இல் இந்தியன் பாரஸ்டர் இதழில் எழுதும் அளவுக்கு நிலை முற்றியிருந்தது.

ஒழிப்பு முயற்சிகளுள் வரலாற்று நோக்கில் குறிப்பிடத்தக்கது பூச்சிகளைக் கொண்டு செய்த முயற்சியாகும். ஹவாய்த் தீவுகளில் 1858இல் அழகுக்காக நடப்பட்ட இச்செடி மேய்ச்சல் நிலங்களை விழுங்கியபோது, 1902இல் ஆல்பர்ட் கோபெலே மெக்சிக்கோவிலிருந்து 23 வகைப் பூச்சிகளை அனுப்பினார். களையொன்றை அடக்க அயல்நாட்டுப் பூச்சிகளைத் திட்டமிட்டுத் தேடிக் கொணர்ந்த தொடக்ககால முயற்சிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. அவற்றுள் 8 வகைகளே நிலைகொண்டன.

இந்தியாவில் ஒய். ராமச்சந்திர ராவ் 1916 முதல் 1919 வரை இந்தியாவிலும் பர்மாவிலும் இச்செடியை உண்ணும் பூச்சிகளைத் தேடி ஆய்ந்தார். 1920இல் வேளாண் துறை வெளியீடாக அது வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சிவகைகளைப் பதிவு செய்தும், செடியை அடக்க வல்லதொன்றையும் அவர் காணவில்லை. பிறகு 1941இல் டெலியோனீமியா என்னும் பூச்சி ஆஸ்திரேலியாவிலிருந்து டேராடூனுக்குத் தருவிக்கப்பட்டது. அது தேக்கையும் உண்ணக்கூடும் என்ற ஐயத்தால் வளர்த்த பூச்சிகள் அனைத்தும் அழிக்கப்பட்டன. ஆயினும் பத்தாண்டுகளுக்குப் பின் அதே பூச்சி வெளியே செடிகளில் வாழ்வது கண்டறியப்பட்டது. இத்தகைய நிகழ்வுகள் ஆய்வறிக்கைகளில் ஓரிரு வரிகளில் மட்டுமே இடம்பெறுகின்றன. உரிய விரிவான வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.

பூச்சிகள் ஏன் தோற்றன? காரணங்கள் பல, தட்பவெப்பமும் ஒட்டுண்ணிகளும் அவற்றுள் அடங்கும். ஆனால் தோட்ட வரலாற்றோடு தொடர்புடைய காரணம் ஒன்று உண்டு. ஒரு பூச்சி தன் ஊட்டச்செடியோடு நெடுங்காலம் இணைந்து வாழ்ந்து அதற்கேற்பத் தகவமைகிறது. அமெரிக்கக் காட்டில் வேறொரு லண்டானாச் சிற்றினத்தின்மீது வாழ்ந்த பூச்சிக்குத் தோட்டக் கலப்பினம் அறிமுகமற்ற உணவு. அக்கலப்பினத்துக்குத் தாயகக் காடு என ஒன்று இல்லாமையால், அதற்கேயுரிய பகைப்பூச்சியைத் தேடிச் செல்லும் இடமும் தெளிவாக இல்லை. மேலும் ஒரு வகையை விரும்பி உண்ணும் பூச்சி அருகில் உள்ள மற்றொரு வகையைத் தீண்டாது விடுவது பலநாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. கால்நடைகளுக்கு இச்செடி விளைக்கும் நஞ்சும் எல்லா வகைகளிலும் ஒரே அளவினதன்று. ஒற்றைப் பெயரால் அழைத்தமை, ஒற்றைப் பகைவன் என்ற எண்ணத்தை உண்டாக்கிவிட்டது.

உயிரணு ஆய்வாளர் இதனை முன்பே உணர்ந்திருந்தனர். இலக்னோவில் டி.என். கோஷூவும் சி. மஹாலும் 1967இல் கரண்ட் சயின்ஸ் இதழில் இச்செடியின் பல்திறப்பட்ட இனப்பெருக்க முறைகளை விளக்கினர். குரோமோசோம் எண்ணிக்கையில் 22, 33, 44, 55 எனப் பல படிநிலைகள் இத்தொகுதியில் காணப்படுகின்றன. இறுதியாக ரோஜர் சாண்டர்ஸ் 2006இல் தோட்டங்களிலும் அவற்றிலிருந்து தப்பியும் வளரும் இக்கலப்பினத் தொகுதிக்கு லண்டானா ஸ்ட்ரிகோகமரா என்னும் தனிப்பெயர் சூட்டினார். வனத்துறை ஆவணங்களும் பெரும்பாலான ஆய்வுகளும் இன்னும் பழைய பெயரையே ஆள்கின்றன. பெயரை மாற்றுவதால் புதர் குறையப்போவதில்லை என்பது மெய்தான். ஆயினும் எதனை எதிர்கொள்கிறோம் என்பதைப் புதுப்பெயர் நேர்மையாகச் சொல்கிறது.

மலட்டு வகைகள்

நாற்றுப்பண்ணைகள் இன்றும் லண்டானாவை விற்கின்றன. குட்டையான மஞ்சள் வகைகளும் படரும் ஊதா வகைகளும் நகரச் சாலைகளின் நடுத்திட்டுகளில் நடப்படுகின்றன. இவை விதை தாரா மலட்டு வகைகள் என்பது விற்போர் கூறும் அமைதி. தென்னாப்பிரிக்காவில் ஜே.ஜே. ஸ்பீஸ், எச். டு பிளெஸ்ஸி ஆகியோர் 1987இல் இக்கூற்றைச் சோதித்து, மலடு எனப்பட்ட வகைகளின் மலட்டுத்தன்மை உறுதியானதன்று எனக் காட்டினர். காய் தாராத செடியும் வளமான மகரந்தத்தைத் தரலாம். அம்மகரந்தம் காட்டுப்புதரின் பூவை அடைந்தால் கலப்பு மீண்டும் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்ணாடிக் குடிலுள் மனிதர் செய்ததைச் சாலையோரத்தில் வண்ணத்துப்பூச்சி செய்யக்கூடும்.

இதன் அளவு சிறிதன்று. நினாத் முங்கியும் உடனாய்வாளரும் 2020இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் புலிகள் வாழும் காட்டுப்பகுதிகளில் 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இச்செடி பரவியுள்ளது. அது அக்காடுகளின் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல். பிலிகிரிரங்கன் மலையின் சோலகர் இதற்கு வேறொரு வரலாறு சொல்கின்றனர். தாம் ஆண்டுதோறும் சருகுக்கு இட்டுவந்த மெல்லிய தீயை வனத்துறை தடுத்த பின்னரே புதர் மண்டியது என்பது அவர்கள் கூற்று. பாரத் சுந்தரமும் உடனாய்வாளரும் 2012இல் இதனைப் பதிவு செய்துள்ளனர். தோட்ட வரலாறு செடி எங்கிருந்து வந்தது என்பதை விளக்கும். அது ஏன் இங்கு நிலைத்தது என்பதைச் சோலகரிடமே கேட்டறிய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு அரசு 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டைச் சீரமைப்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அதற்கு முன்பே மலைமக்கள் இப்புதரின் தண்டுக்கு ஒரு பயன் கண்டிருந்தனர். மாதேசுவரன் மலையில் சோலகர் அதனை வேகவைத்துத் தோலுரித்து, பிரம்புக்கு மாற்றாக நாற்காலியும் கூடையும் முடைந்தனர். கூடலூர்ப் பகுதியில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் உள்ளிட்டோர் அத்தண்டுகளை வளைத்து, தாம் காட்டில் அறிந்த யானைகளின் உருவத்தையும் அளவையும் ஒட்டி யானைகள் செய்தனர். 2021ஆம் ஆண்டுக் கோடையில் அந்த யானைக்கூட்டம் கப்பலேறிச் சென்று இலண்டனின் அரச பூங்காக்களில் நிறுத்தப்பட்டது.