உடலைக் கற்ற வரலாறு

கைகால்கள் அறிவின் ஆணைக்குப் பணியும்; இதயமும் குடலும் பணியா என்பது மேனாட்டறிஞர் நெடுங்காலம் போற்றிய கொள்கை. சமுதாயத்தைப் போலவே உடலிலும் மேலோர், கீழோர் என வகுத்துவிட்டனர் போலும்!

1963 இல் கனடாவில் ஜோன் பஸ்மாஜியன் ஒரு சோதனையை வெளியிட்டார். தம் தசையின் மின்துடிப்பை ஒலியாகக் கேட்டவர்கள், தனியொரு நரம்புக்கலத்தையே விரும்பியவாறு இயக்கக் கற்றனர்.

தசை முடக்கப்பட்ட எலிகளும் பரிசுக்காக இதயத்துடிப்பை மாற்றும் என்று அமெரிக்காவின் நீல் மில்லர் 1969 இல் எழுதினார். உலகம் வியந்தது. ஆனால், மீண்டும் செய்தபோது அம்முடிவு கிட்டவில்லை. மில்லர் அதை மறைத்தாரா? இல்லை, 1974 இல் தாமே அச்சிலேற்றினார். விஞ்ஞானத்தின் நேர்மை இதுவே.

தோல்வியோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. முண்ணாண் சிதைந்து முடமுற்ற நோயாளர், தம் குருதி அமுக்கத்தின் அளவை உடனுக்குடன் அறிந்து, அதனை உயர்த்தக் கற்றதை 1979 இல் மில்லரும் பேணாட் புறூக்கரும் அறிவித்தனர்.

இங்கு கருவி எதனையும் குணப்படுத்தவில்லை. மறைந்திருந்ததைக் காட்டியது, அவ்வளவே. கற்றவன் மனிதன். தன் நிலையை அறியாதவன் அதனை மாற்றுவது எங்ஙனம்? அறிந்தபின், விதியென்று நினைத்தவற்றுள் சிலவேனும் பயிற்சிக்கு இணங்கும். ஆசிரியரும் மாணவரும் மனங்கொள்ளவேண்டிய உண்மை இது.